உஷார்! ஸ்கேன் நார்மல்... கட்டி மட்டும் அப்படியே இருக்கிறதா?

மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. இரண்டு நாள் தூக்கமில்லாமல் புரண்டுவிட்டு, ஓடிப்போய் ஸ்கேன் எடுக்கிறீர்கள். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் ‘குறிப்பிடும்படியான கோளாறு எதுவும் இல்லை’ என்று இருக்கிறது. அப்பாடா! கவரைக் கொண்டுபோய் பீரோவில் வைத்தாயிற்று. ஆனால் மறுநாள் குளிக்கும்போது கை வைத்தால், கட்டி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் உஷாராக வேண்டும். படம் சுத்தமாக இருக்கிறது, கைக்குக் கட்டி தெரிகிறது என்றால் இரண்டில் ஏதோ ஒன்று உங்களுக்கு முழு உண்மையைச் சொல்லவில்லை. அது எது என்று தெரியாமல் பீரோவைப் பூட்டக்கூடாது.

இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடத்தில் நிற்கிறது. 2022-ஆம் ஆண்டுக்கான குளோபோகான் மதிப்பீட்டின்படி, அந்த ஒரே வருடத்தில் நம் நாட்டில் ஏறத்தாழ 1 லட்சத்து 92 ஆயிரம் பேருக்குப் புதிதாக வந்திருக்கிறது. ஏறத்தாழ 98 ஆயிரம் பேர் இறந்திருக்கிறார்கள். கட்டியை மாதக்கணக்கில் மறைத்து வைத்துவிட்டுக் கடைசியில் வருபவர்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு கூட்டம் உண்டு: நேரத்தோடு டாக்டரிடம் போனவர்கள், டெஸ்ட்டும் எடுத்தவர்கள், ஆனால் பாதி டெஸ்ட்டோடு நின்றுவிட்டவர்கள். இந்த எச்சரிக்கை அவர்களுக்காக.

பயமுறுத்துவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மார்பில் வரும் பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. இருபது வயதுப் பெண்ணின் விரலுக்கடியில் நழுவி ஓடும் ஃபைப்ரோஅடினோமா, நாற்பதுகளில் மாதவிலக்குக்கு முன் வீங்கி வலிக்கும் நீர்க்கட்டி, பால் கொடுக்கும் தாய்க்கு வரும் பால் கட்டி என்று சாதுவான கட்டிகளே அதிகம். சிக்கல் என்னவென்றால், கெட்ட கட்டியும் ஆரம்பத்தில் இதே சாது வேஷத்தில்தான் வரும். வலிக்கவில்லை என்பது ஆறுதலே அல்ல. புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது.

உலகம் முழுக்க டாக்டர்கள் இதற்காக வைத்திருக்கும் முறைக்கு மும்முனைப் பரிசோதனை என்று பெயர். டாக்டர் கையால் தொட்டுப் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசி போட்டு மாதிரி எடுப்பது. மூன்றும் ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். இரண்டு ‘நல்லது’ என்று சொல்லி மூன்றாவது முகம் சுளித்தால், அந்த மூன்றாவதின் பேச்சைத்தான் கேட்க வேண்டும். பெரும்பான்மை ஓட்டெல்லாம் இங்கே செல்லாது.

நம் ஊரில் முதல் முனையே காணாமல் போய்விடுகிறது. கூச்சம் ஒரு காரணம். நேராக ஸ்கேன் சென்டருக்கே போய்விடலாம், டாக்டர் கை வைக்க வேண்டியதில்லை என்ற நினைப்பு. அல்லது மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜில் மேமோகிராமும் சேர்ந்திருக்கிறது, அதிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. கட்டி இருப்பதை யாரிடமும் சொல்லாமல் அந்த வரிசையில் போய் நிற்கிறார்கள். இது பெரிய தப்பு. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்ணுக்கு எடுக்கும் மேமோகிராம் வேறு, கட்டியோடு வரும் பெண்ணுக்கு எடுக்கும் மேமோகிராம் வேறு. கட்டி இருக்கிறது என்று சொன்னால், அந்த இடத்தில் தோலின் மேல் ஒரு சின்ன உலோகப் புள்ளியை ஒட்டிவிட்டு எடுப்பார்கள். அந்தப் பகுதியை மட்டும் தனியாக அழுத்திக் கூடுதல் படமும் எடுப்பார்கள். கையோடு அல்ட்ராசவுண்டும் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் வழக்கமான படங்களோடு ‘அடுத்து வரலாம்’தான்.

மேமோகிராம் எங்கே கோட்டை விடும்? அது குறைந்த அளவு எக்ஸ்ரே. அதில் கொழுப்பு கறுப்பாகத் தெரியும், சுரப்பித் திசு வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். வயது குறைந்த பெண்களுக்குச் சுரப்பித் திசு அடர்த்தியாக இருக்கும். வெள்ளைக்குள் வெள்ளையைத் தேட வேண்டியிருக்கும். பொதுவான மதிப்பீடுகளின்படி, இருக்கிற புற்றுநோய்களில் எட்டில் ஒன்றாவது மேமோகிராமின் கண்ணில் படாமல் நழுவுகிறது. அடர்த்தியான மார்பகங்களில் இன்னும் கூடுதலாக. லோபுலர் கார்சினோமா என்று ஒரு வகை இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்களில் பத்தில் ஒன்றுக்கும் மேல் இந்த வகைதான். இதன் செல்கள் ஓரிடத்தில் கூடி உருண்டையாகத் திரளாமல், திசுவுக்குள் ஒற்றை வரிசையில் ஊர்ந்து பரவும். படத்தில் பளிச்சென்று ஒரு கட்டியாகத் தெரியவே தெரியாது. கைக்குமே கொஞ்சம் தடித்த மாதிரிதான் இருக்கும்.

அதனால்தான் 30 வயதுக்குக் கீழே என்றால் முதலில் அல்ட்ராசவுண்ட், 40-ஐத் தாண்டினால் மேமோகிராமோடு அல்ட்ராசவுண்டும், இடைப்பட்ட பத்து வருடத்தில் டாக்டர் பார்த்து முடிவு செய்வது என்று வழக்கம் வைத்திருக்கிறார்கள். அல்ட்ராசவுண்டின் பெரிய பலம், நீர்க்கட்டியா சதைக்கட்டியா என்று உடனே பிரித்துச் சொல்வது. உள்ளே தெளிந்த நீர் மட்டும்தான், சுவர் மெல்லியது என்று தெரிந்தால் அதோடு கவலை தீர்ந்தது, ஊசிகூடத் தேவையில்லை. ஆனால் அதுவும் ஏமாறும். டிரிப்பிள் நெகட்டிவ் எனப்படும் முரட்டு வகைப் புற்றுநோய் சில சமயம் வழவழப்பான விளிம்போடு, அச்சு அசல் ஃபைப்ரோஅடினோமா மாதிரியே திரையில் உட்கார்ந்திருக்கும். அதுவும் இளம் பெண்களிடம்தான் அதிகம் வருகிறது.

ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் கடைசி வரிக்குத் தாவாதீர்கள். கட்டி இருக்கும் இடத்தைக் கடிகார முள் கணக்கில் எழுதியிருப்பார்கள்: இடது மார்பு, 2 மணி திசை, காம்பிலிருந்து 4 செ.மீ. என்பது போல. கண்ணாடி முன்னால் நின்று இதைச் சரிபார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதிரே நிற்பவர் உங்களைப் பார்க்கும் கோணத்தில் கடிகாரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். இடது மார்பில் 2 மணி என்றால் அக்குள் பக்கம், மேலே. உங்கள் கைக்குத் தட்டுப்படும் கட்டி காம்புக்குக் கீழே, 6 மணியில் இருக்கிறது; ரிப்போர்ட்டோ 2 மணியில் உள்ள ஒரு நீர்க்கட்டியைப் பற்றிப் பேசுகிறது என்றால் அது வேறு கட்டி. உங்கள் கட்டிக்கு இன்னும் பதிலே வரவில்லை.

அதே தாளில் பை-ராட்ஸ் என்று ஒரு எண் இருக்கும். 1, 2 என்றால் சந்தேகம் இல்லை. 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்வார்கள், அந்த ஆறு மாதத்தை மறந்துவிடக்கூடாது. 4 என்பதுதான் வில்லங்கமான எண். 2 சதவீதத்தில் தொடங்கி 95 சதவீதம் வரை அதற்குள் அடக்கம். அதனால்தான் அதையே 4ஏ, 4பி, 4சி என்று மூன்றாக உடைத்திருக்கிறார்கள். 5 என்றால் 95 சதவீதமும் அதற்கு மேலும். 4-ம் 5-ம் ஊசிக்குப் போக வேண்டிய எண்கள். 0 என்பதைப் பார்த்து ‘சைபர்தானே, ஒன்றுமில்லை’ என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. படம் முழுமையாகவில்லை, இன்னும் எடுக்க வேண்டும் என்பதுதான் அந்தப் பூஜ்யத்துக்கு அர்த்தம்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். மேமோகிராம், அல்ட்ராசவுண்ட் இரண்டும் அந்தக் கட்டியை நேராகக் குறிவைத்துப் பார்த்து, இரண்டுமே சுத்தம் என்று சொன்னால், புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவுதான். ஆனால் தொட்டுப் பார்த்த டாக்டரின் விரலுக்கு அந்த இடம் கல் மாதிரி இறுகியோ, தோலோடு ஒட்டியோ தெரிந்தால், படம் என்ன சொன்னாலும் ஊசி வேண்டும்.

சரி, ஊசி. இங்கேதான் அடுத்த பொறி காத்திருக்கிறது. ‘ஊசி டெஸ்ட்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை உண்டு. ஒன்று எஃப்.என்.ஏ.சி. ரத்தம் எடுக்கும் ஊசியைப் போன்ற, அல்லது அதைவிட மெல்லிய ஊசியால் கட்டிக்குள் முன்னும் பின்னும் குத்தி, உதிரும் செல்களை உறிஞ்சிக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்ப்பது. மரத்துப்போக ஊசிகூடப் போடாமல் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், செலவு குறைவு, அன்று சாயங்காலமே ரிசல்ட் வந்தாலும் வரும். இன்னொன்று கோர் பயாப்சி. நம் ஆஸ்பத்திரிகளில் டிரூகட் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, சிறிய கீறல் போட்டு, பெரும்பாலும் 14 கேஜ் ஊசியை ஸ்கேன் திரையில் பார்த்தபடியே கட்டியின் விளிம்பு வரை கொண்டுபோவார்கள். ‘டக்’கென்று ஸ்பிரிங் விடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம்தான் பலரைத் தூக்கிவாரிப் போடும். முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் பயம் போய்விடும். ஊசியைத் திறந்தால் உள்ளே வெள்ளையாக ஒரு சேமியா நீளத் துண்டு. இப்படி நான்கைந்து துண்டுகளை ஃபார்மலின் குப்பியில் போடுவார்கள். கட்டியின் இறுகிய சதை என்றால் பெரும்பாலும் அடியில் போய்த் தங்கும். வெறும் கொழுப்பு மேலே மிதக்கும். அனுபவமுள்ள டாக்டர் இதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இன்னொரு துண்டு வேண்டுமா என்று முடிவு செய்வார்.

எஃப்.என்.ஏ.சி. தருவது உதிரிச் செல்கள். டிரூகட் தருவது சதைத் துண்டு. செல்கள் புற்றுநோய்ச் செல்கள்தானா என்று உதிரிகளை வைத்துப் பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஆனால் அவை பால் குழாய்க்குள்ளேயே அடங்கியிருக்கின்றனவா, சுவரை உடைத்து வெளியே பரவிவிட்டனவா என்று சொல்ல முடியாது. அதற்குச் செல்கள் அடுக்கப்பட்டிருக்கும் அமைப்பு கலையாமல் வேண்டும். ஃபைப்ரோஅடினோமாவா, வேகமாக வளரும் ஃபில்லோடிஸா என்று பிரிப்பதிலும் எஃப்.என்.ஏ.சி. தடுமாறும். ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று பரிசோதனைகள்தான் இன்று மருந்தையே தீர்மானிக்கின்றன. அவற்றை நம்பிச் செய்யச் சதைத் துண்டு வேண்டும். எஃப்.என்.ஏ.சி.யை மட்டும் வைத்துக்கொண்டு கீமோ ஆரம்பிக்கலாம் என்று யாராவது சொன்னால், ‘டாக்டர், ஹெர்-2 எதில் பார்ப்பீங்க?’ என்று தயங்காமல் கேளுங்கள்.

எஃப்.என்.ஏ.சி. வேண்டாத சரக்கு என்று நான் சொல்லவில்லை. நீர்க்கட்டியை உறிஞ்சவும், அக்குள் நெறிக்கட்டியைப் பார்க்கவும் அது அருமையான கருவி. சைட்டாலஜி டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து, செல் போதுமான அளவு வந்திருக்கிறதா என்று அப்போதே பார்த்துச் சொல்லும் இடங்களில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆபத்து வேறொரு வரியில் இருக்கிறது: ‘புற்றுநோய்ச் செல்கள் காணப்படவில்லை.’ இதைப் படித்ததும் குடும்பமே கோயிலுக்குக் கிளம்பிவிடும். அதற்கு மேல் வரியைப் படியுங்கள். ‘செல்கள் மிகக் குறைவு’, ‘ரத்தம் மட்டும்’, ‘கொழுப்புத் துணுக்குகள் மட்டும்’ என்று இருந்தால், ஊசி கட்டிக்குள் போகவே இல்லை என்றுகூட அர்த்தம் இருக்கலாம். சி1 என்று போட்டிருந்தால் மாதிரி போதாது என்று பொருள். சி2 என்றால்தான் சாதுவான செல்கள் கிடைத்தன என்று பொருள். முன்னது பதிலே வராத கேள்வி. அதை நல்ல பதில் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள்தான் ஒரு வருடம் கழித்து, கட்டி இரண்டு மடங்கானதும் திரும்பி வருகிறார்கள். டிரூகட்டுக்கும் இது பொருந்தும். படத்தில் 5, துண்டில் ‘சாதாரணத் திசு’ என்று வந்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. திரும்பக் குத்த வேண்டும்.

வரிசையும் முக்கியம். படம் முதலில், ஊசி பிறகு. முதலில் குத்திவிட்டால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எடுக்கும் படத்தில் எது கட்டி, எது ரத்தக்கட்டு என்று தெரியாமல் குழம்ப வேண்டியதுதான். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். அவர்களாகவே நிறுத்தக்கூடாது, குறிப்பாக இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள்.

இனிமேல் சொல்லப்போவது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைக்கும் விஷயம். ‘சின்னக் கட்டிதாம்மா, கீறி எடுத்துட்டு அப்புறம் டெஸ்ட்டுக்கு அனுப்பிடலாம்.’ சின்ன ஊர் நர்சிங் ஹோம்களில் மட்டுமல்ல, பெரிய ஊர்களிலும் இது நடக்கிறது. எடுத்த பிறகு அது புற்றுநோய் என்று தெரிந்தால்? சுற்றிலும் எவ்வளவு விட்டு வெட்ட வேண்டும் என்று அளக்காமல் வெட்டியாகிவிட்டது. அக்குள் நெறிக்கட்டியைப் பார்க்கவில்லை. கீறலைத் தவறான இடத்தில் போட்டிருக்கலாம். முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, மார்பைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வாய்ப்பும் பறிபோயிருக்கலாம். இரண்டாவது ஆபரேஷன் நிச்சயம். இதைவிடக் கொடுமை, எடுத்த கட்டியை லேபுக்கே அனுப்பாமல் ‘பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு’ என்று வீசிவிடுவது. அல்லது ஃபார்மலின் இல்லாமல் வெறும் சலைன் தண்ணீரில் போட்டு, உறவினர் கையில் கொடுத்து, பஸ்ஸில் அனுப்பிவிடுவது. சதை வழியிலேயே கெட்டுவிடும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழுந்து, குறைந்தது 6 மணி நேரமாவது அதில் ஊறினால்தான் ஈ.ஆர்., ஹெர்-2 ரிசல்ட்டை நம்ப முடியும்.

ஊசி முதலில், கத்தி பிறகு என்ற இந்த முறை சும்மா வந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1970-கள் வரை வழக்கம் என்ன தெரியுமா? பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, கட்டியை வெட்டி, அவர் மேஜையில் கிடக்கும்போதே லேபில் பார்த்து, புற்றுநோய் என்றால் அப்போதே மார்பை முழுதாக எடுத்துவிடுவார்கள். கண் விழித்துத் தடவிப் பார்த்தால்தான் மார்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியும். ரோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் 1974-இல் தன் மார்பில் கட்டியைக் கண்டார். ‘முதலில் டெஸ்ட் மட்டும் செய்யுங்கள், மற்றதைப் பிறகு நான் முடிவு செய்கிறேன்’ என்று நின்றார். அதற்குச் சம்மதிக்கும் சர்ஜனைத் தேடி அவர் அலைய வேண்டியிருந்தது. தொடர்ந்து எழுதினார், சண்டை போட்டார். 1979-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழுவில் இடம்பெற்றார்; டெஸ்ட்டும் ஆபரேஷனும் தனித்தனிக் கட்டமாக இருக்க வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. இத்தனை வருடம் கழித்து நம் ஊரில் ஒரு பெண், தனக்கு என்ன நோய் என்று தெரியாமலே ஆபரேஷன் மேஜையில் ஏறுவதை எப்படி ஏற்றுக்கொள்வது?

எதிர்ப்பக்க ஆபத்தும் இருக்கிறது. படத்தில் 5 என்று வந்துவிட்டாலே அது தீர்ப்பு அல்ல. அடிபட்ட இடத்தில் கொழுப்பு இறுகிப்போனாலும், மார்பில் காசநோய் வந்தாலும், குழந்தை பெற்ற சில வருடங்களில் இளம் பெண்களுக்கு வரும் கிரானுலோமட்டஸ் மாஸ்டைடிஸ் என்ற அழற்சியிலும், தொட்டாலும் சரி, படத்திலும் சரி, புற்றுநோய் மாதிரியே இருக்கும். துண்டு எடுத்துப் பார்க்காமல் மார்பை எடுப்பது பற்றிப் பேசவே கூடாது. காசநோய்ச் சந்தேகம் இருந்தால் அதே ஊசியில் எடுத்த மாதிரியில் ஒரு பங்கைக் கிருமிப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்ல வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு மார்பு சிவந்து வீங்கி, ஆன்டிபயாட்டிக் முழுதாகச் சாப்பிட்டும் அடங்கவில்லை என்றால், ‘பால் கட்டியிருக்கு, ஒத்தடம் குடு’ என்ற வைத்தியத்தை நிறுத்திவிட்டுப் படமும் ஊசியும் பார்க்க வேண்டும். பால் கொடுக்கும் காலத்தில் ஊசி போடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

வலியில்லை, தொட வேண்டாம், கதிர்வீச்சு இல்லை என்று விளம்பரம் செய்து முகாம்களில் மார்பின் சூட்டைக் கேமராவால் படம் பிடிக்கிறார்கள். இந்தத் தெர்மோகிராபி மேமோகிராமுக்கு மாற்று அல்ல என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை எச்சரித்திருக்கிறது. ரத்தத்தில் பார்க்கும் சி.ஏ. 15-3-ம் அப்படித்தான், ஆரம்ப நிலைப் புற்றுநோயில் அது நார்மலாகவே இருக்கலாம். கையில் கட்டியை வைத்துக்கொண்டு இவற்றின் நல்ல ரிசல்ட்டை நம்பி உட்காராதீர்கள்.

‘ஊசி குத்தினா பரவிடும்.’ இந்த ஒரு வாக்கியம் எத்தனை பேரை டெஸ்ட்டுக்கே வராமல் தடுத்திருக்கிறதோ! பெரியம்மா சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். குத்தும் வழியில் சில செல்கள் இடம் மாறுவது உண்டுதான். அவற்றில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. அதற்குப் பிறகு வரும் ஆபரேஷனும் கதிர்வீச்சும் மருந்தும் மிச்சத்தையும் கவனித்துக்கொள்ளும். ஊசித் தடத்தில் கட்டி முளைப்பது மிக அபூர்வம். பின் ஏன் ஊசி போட்டதும் வேகமாகப் பரவிய மாதிரி தெரிகிறது? நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது ஊசிக்குப் பிறகுதான் வீட்டாருக்குத் தெரியவருகிறது. அது அதற்கு முன்பே போயிருந்தது.

ஆண்களும் இதைப் படித்துக்கொண்டிருந்தால்: காம்புக்கு அடியில் கடினமாக ஒரு கட்டி வந்தால் உங்களுக்கும் இதே மூன்று முனைதான். குறைவாக வருகிறது என்பதால்தான் தாமதமாகத் தெரிகிறது.

டிரூகட் ரிப்போர்ட் வர நான்கைந்து நாள் ஆகும், ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2-க்கு அதற்கு மேலும் சில நாள். இந்த இடைவெளியில் பதற்றத்தில் ஆஸ்பத்திரி மாற்றுவதாக இருந்தால், வெறும் தாளை மட்டும் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். சதைத் துண்டை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் லேபில் எழுதிக்கொடுத்துக் கேளுங்கள். மேமோகிராமின் ஃபிலிம் அல்லது சிடியையும் சேர்த்து. பிளாக் கையில் இருந்தால் அடுத்த டாக்டர் அதையே திரும்பப் பார்த்துக்கொள்வார்; இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து குத்த வேண்டும்.